துளசிமணியின் குட்டிப் பொக்லைனும் ஊர் போன குழிகளும்

துளசிமணி தன் சொந்தக் குட்டிப் பொக்லைனை வைத்துத் தன் சொந்தக் காட்டில் தோண்டிய முதல் குழி, மறுநாள் காலையில் அங்கே இல்லை. மண்மேடு இருந்தது, வண்டியின் செயின் பதிந்த தடம் இருந்தது, ஆழம் பார்க்க அவள் புருஷன் ராக்கியண்ணன் குழிக்குள் நட்டு வைத்த மூங்கில் கழிகூடத் தரையில் நீட்டிப் படுத்திருந்தது. குழியை மட்டும் காணோம். அந்த இடம் முந்தாநாள் எப்படி இருந்ததோ அப்படியே, காய்ந்த கொழுக்கட்டைப் புல்லோடு, ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது. துளசிமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு, பட்டியில் ஆட்டுக்குட்டி ஒன்று குறைந்தால் என்ன செய்வாளோ அதையே செய்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழியைத் தேடி ஊருக்குள் கிளம்பினாள்.

பாதி வழியிலேயே லிங்காத்தாள் எதிரே வந்தாள். வேலாங்காட்டுப்புதூர் பால் சொசைட்டியில் தினமும் முதல் ஆளாகப் பால் ஊற்றுகிறவள் லிங்காத்தாள். ஊரில் எது நடந்தாலும் பாலுக்கு முன்னால் அவள் வாயிலிருந்துதான் அது சொசைட்டிக்கு வந்து சேரும்.

"ஏம் புள்ள துளசி, உன்ற குழி எங்கூட்டுப் பொடக்காலில வந்து கெடக்குது. காப்பி குடிச்சுட்டுப் பாக்கறயா, பாத்துட்டுக் குடிக்கறயா?"

"பாத்துட்டே குடிக்கறேனுங்கக்கா."

லிங்காத்தாள் வீட்டுப் பின்பக்கம் மூன்று வருடமாக கக்கூஸ் கட்டுவதற்கான சிமெண்டு உறைகள் அடுக்கியபடி கிடந்தன. கீழே பாறை, கடப்பாரை இறங்கவில்லை, ஆள் வந்து பார்ப்பதும் தலையைச் சொறிவதுமாகவே மூன்று வருடம் போய்விட்டது. இப்போது அந்த உறைகளுக்குப் பக்கத்தில், அந்த உறைகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல, வட்டமாக, வழுவழுப்பாகக் குழி இருந்தது. துளசிமணி தோண்டியது நீளவாட்டில் பெரிய குழி. வந்த இடத்தில் அது தன்னை வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டிருந்தது. ஆனால் பக்கச் சுவரில் பக்கெட்டின் ஐந்து பல்லும் இழுத்த கோடுகள் தெளிவாகத் தெரிந்தன, அதில் மூன்றாவது பல் கொஞ்சம் மழுங்கல், ஆகையால் அது துளசிமணியின் குழிதான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குழி எப்படி வந்தது என்று கேட்கவில்லை. குழி இங்கே வந்துவிட்டது, மண் அங்கேயே நின்றுவிட்டதே, அந்த மண் யாருக்குச் சேரும் என்பதைப் பற்றித்தான் இரண்டு காப்பி குடிக்கும் நேரம் வாதாடினார்கள். மண் பிறந்த இடத்துக்கே சேரும் என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் துளசிமணி ஏன் பொக்லைன் வாங்கினாள் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் சொன்னதை நீங்கள் நம்பிவிடுவீர்கள். திமிர் என்றார்கள். திமிர் இல்லை. இருபத்திரண்டு வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து, உலகத்தில் எந்தெந்த நாட்டுக்காரனுக்கோ தோள்பட்டை தைத்துக் கொடுத்துவிட்டு, புருஷனைக் கூட்டிக்கொண்டு அவன் அப்பன் விட்டுப் போன நாலு ஏக்கர் சரிவுக் காட்டுக்கு வந்தவள் அவள். வந்ததும் எண்பது தென்னங்கன்று வைத்தாள். போர்க்குழாய் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் தண்ணீரும் மிச்ச நேரம் வெறும் காற்றும் கொடுத்தது. போருக்குப் பக்கத்தில் ஒரு குட்டை வெட்டி, மழைத் தண்ணீரை மூன்று நாள், வெறும் மூன்று நாள் நிறுத்தினால் போதும், பாறை வெடிப்பில் இறங்கி போர் ஊறிவிடும் என்று போர் போட்ட ஆளே சொல்லியிருந்தார். பெரிய பொக்லைன் அந்த வேலிச் சந்தில் நுழையாது. குட்டி வண்டி வாடகைக்கு வைத்திருந்தவரோ ஆறு மாதமாக, குரலில் கொஞ்சமும் வெட்கமில்லாமல், "நாளைக்குக் காலைல மொத வேலை உங்க வேலைதானுங்கக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் துளசிமணிக்குப் பொறுமை போய்விட்டது. கம்பெனியில் கணக்கு முடித்த பணத்தைக் கொண்டுபோய், எருமைக் கன்று அளவில், மஞ்சள் வெளுத்துப்போய், முன்னால் ஒரு தள்ளு தகடும் பின்னால் ஒரு வளைந்த கையும் வைத்திருந்த பழைய வண்டி ஒன்றை வாங்கி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டாள்.

ஓட்டப் பழக இரண்டு நாள்தான் பிடித்தது. இருபத்திரண்டு வருடம் கால் ஒரு வேலை, கை ஒரு வேலை, கண் ஒரு வேலை என்று பழகிய உடம்புக்கு இரண்டு லீவர் ஒரு பொருட்டா? "துணிய நகத்தற மாதிரித்தான் மண்ண நகத்தறதும், அழுத்திப் புடிச்சா ஊசி ஒடையும்" என்று ராக்கியண்ணனுக்கு அவள் பாடம் எடுத்தாள். அவன் வண்டியில் ஏறவேயில்லை. அவனுக்கு ஆடுகள் போதும், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தான்.

அவள் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். "இந்த மழைக்குப் போர் ஊறுச்சுன்னா இங்கயே இருக்கலாமுங்க மாமா. ஊறலீன்னா கன்னு பூராக் காஞ்சு போகும். ஆட்டைக் குடுத்துட்டு, தீபாவளி முடிஞ்ச திங்கக்கெழம மறுபடியும் கம்பெனிதான்." சூப்பர்வைசர் பிரபு நல்ல பையன், அதுவரைக்கும் அவள் மிஷினில் வேறு ஆளை உட்கார வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். ராக்கியண்ணன் தலையாட்டினான். பத்துக்குப் பத்து அறை, பொதுக் குழாய், விடிந்தால் கம்பெனி பஸ் என்று நினைத்தபோதே அவன் கை பக்கத்தில் நின்ற ஆட்டின் கழுத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அவளுக்கும் போக மனமில்லை, அவள் காட்டிக்கொள்ளவில்லை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. முதல் ஐந்து வருடம் ஊர் அதை அவளிடமே கேட்டது, அடுத்த ஐந்து வருடம் அவள் இல்லாதபோது கேட்டது, அப்புறம் விட்டுவிட்டது. துளசிமணி விடவில்லை, ஆனால் அவள் யாரிடமும் அதைப் பேசியதும் இல்லை.

ஆக, வியாழக்கிழமை அதே இடத்தில் இரண்டாவது குழியைத் தோண்டினாள். வெள்ளிக்கிழமை காலை அது பள்ளிக்கூடத்து மைதானத்தில், நீளம் தாண்டுவதற்குத் தோதாக, மூன்றடி அகலத்தில் நீண்டு படுத்திருந்தது. பிள்ளைகள் அதற்குள் மணலைக் கொட்டிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது குழி வேலப்ப மேஸ்திரியின் கிணற்றுக்குள் போய் விழுந்து கிணற்றை எட்டடி ஆழமாக்கிவிட்டது. நாலாவது, பால் சொசைட்டியின் புதுக் கட்டிடத்துக்குக் கடைக்கால் பள்ளம் ஆகிவிட்டது. ஐந்தாவது குழியை விடக் கூடாது என்று அதைச் சுற்றி வேலமுள் வெட்டிப் போட்டாள், முள் மிஞ்சியது. ஆறாவதுக்கு நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தாள். ராக்கியண்ணன் சோற்றுப் போசியைக் கொண்டுவந்து நீட்ட, அவள் குனிந்து ஒரு வாய் வைத்து நிமிர்வதற்குள் எதிரே புல் ஆடிக்கொண்டிருந்தது. ஏழாவது குழிக்குள் பொக்லைனையே இறக்கி நிறுத்திவிட்டு, இப்போது எப்படிப் போவாய் பார்க்கிறேன் என்று வீட்டுக்கு வந்தாள். காலையில் போய்ப் பார்த்தால், வண்டி சமதரையில், கையை மடக்கிக்கொண்டு, சமர்த்தாக நின்றது. குழியோ சந்தையோரம் கீரை விற்கிற கன்னம்மாளின் அரைக்காணி நிலத்தில் எருக்குழியாக இருந்தது.

ஊர் இதற்குச் சட்டென்று பழகிக்கொண்டது. மின்சாரம் எந்த நேரம் போகும் என்று பழகியவர்களுக்குக் குழி எந்த நேரம் வரும் என்று பழகுவது பெரிய காரியம் இல்லை. காலையில் வாசல் தெளிக்கிற பெண்கள் முதலில் காலடியைப் பார்த்துக்கொண்டார்கள். மாட்டை இருட்டில் அவிழ்ப்பவர்கள் ஒரு குச்சியால் தட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். 'உங்கூட்டுக்கு வந்துருச்சா?' என்பதுதான் விசாரிப்பாக இருந்தது. வந்த வீட்டில் குழியின் ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து ஒரு செம்பருத்திப் பூ வைத்தார்கள். யாரும் சொல்லி வைத்ததல்ல, லிங்காத்தாள் வைத்தாள், எல்லோரும் வைத்தார்கள். கேட்டால் குழி வராது என்பதையும் ஊர் சீக்கிரமே கண்டுகொண்டது. ரைஸ்மில் சாமியப்பன் தன் புது பங்களாவில் நீச்சல் குளம் கட்ட ஆசைப்பட்டு, நாலு மூலையிலும் கொடி நட்டு, சுண்ணாம்பில் கோடு போட்டு, விளக்குக்கூடப் போட்டு வைத்துக் காத்திருந்தார். அவர் வாசலுக்கு ஒரு சொட்டாங்கல் அளவுப் பள்ளம்கூட வரவில்லை. பதினாலாவது குழி ஊரைத் தாண்டி மயானத்துக்குப் போயிருந்தது. அன்று விடியற்காலையில்தான் ஆடு மேய்க்கிற கிழவர் காளியண்ணன் இறந்துபோனார். ஆறு பேர் கடப்பாரை தூக்கிக்கொண்டு அந்தக் கல்லாங்காட்டுக்குப் போனபோது, ஆறடியில், தலைமாடு கால்மாடு சரியாகத் திசை பார்த்து, அது அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. தூக்கிப் போனவர்கள் துளசிமணியின் காடு இருக்கும் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவரை இறக்கினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் துளசிமணிக்கு மட்டும் குட்டை இல்லை. புரட்டாசி போய்க்கொண்டே இருந்தது. மண் மட்டும் மலை மலையாகக் குவிந்தது, ராக்கியண்ணனின் ஆடுகள் அதில் ஏறி நின்று ஊரைப் பார்த்தன. அவள் டீசலை ஊற்றினாள், கிரீஸ் வைத்தாள், தோண்டினாள். பிடிவாதம் ஏற ஏறக் குழி பெரிதாயிற்று, பெரிதாக ஆகப் பெரிய வீடுகளுக்குப் போயிற்று. இருபத்தோராவது குழியும் போன அன்று காலையில், அவள் வண்டியின் செயின் மேலேயே உட்கார்ந்து முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள்.

அன்று பார்த்துத்தான் லிங்காத்தாள் தட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, தட்டில் தேங்காய், வாழைப்பழம், ரவிக்கைத் துணி, ஒரு சம்புடம் நிறைய முறுக்கு. காட்டுச் சாளை வீட்டின் வாசலில் நின்று, வாழ்நாளில் இல்லாத மரியாதையாக, "சம்பந்திங்க, உள்ள வரலாமுங்களா?" என்றாள்.

"என்னங்கக்கா இது வேசம்?"

"வேசமில்லீங்க, முறை. ஊரே பேசி முடிச்சாச்சுங்க. பொறந்த ஊட்ல தங்காம, போற ஊட்டுக்குத் தக்கன தன்னை மாத்திக்கிட்டு, அங்க ஒத்தாசையா இருக்கறது என்னதுங்க? பொண்ணுதானுங்களே. உங்கூட்டுப் பொண்ணு எங்கூட்டுக்கு வந்திருக்குது. நாங்க சீர் கொண்டார வேண்டாமுங்களா? மொத சம்பந்தி நானு, எனக்குப் பொறகுதான் மேஸ்திரியும் மத்தவிகளும்."

துளசிமணியின் முகம் சுருங்கிப்போயிற்று. தன்னைப் பார்த்து ஊர் சிரிக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். பிள்ளையில்லாதவளுக்குக் குழி பிள்ளையா என்று சொசைட்டி வாசலில் சிரித்துவிட்டுத்தான் இவளை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். "புள்ள இல்லாதவன்னு குத்திக்காட்டறதுக்குத் தேங்கா பழம் வேறயாக்கா?" என்று கேட்டுவிட்டு, சாப்பிடும் பொருளைத் தூக்கி எறிய மனம் வராமல் எல்லாவற்றையும் கட்டிலில் எடுத்து வைத்தாள். தட்டை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த ஊரில் யாரும் யாருக்கும் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. கை நிறையச் சர்க்கரையாவது, நாலு அரிசியாவது, ஒன்றும் இல்லாத வீட்டில் ஒரு வேப்பங்கொத்தாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். லிங்காத்தாள் தட்டைப் பார்த்தாள், துளசிமணியைப் பார்த்தாள், மறுபடி தட்டைப் பார்த்தாள். அவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் வரவில்லை. அவள் பிறந்ததிலிருந்து இப்படி ஆனது அதுதான் முதல் தடவை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்துபோய்விட்டாள்.

துளசிமணி பொக்லைனின் சாவியைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டாள். ஐப்பசி பிறந்தது. பிறந்த மூன்றாம் நாள், வானம் பிய்த்துக்கொண்டு மழை கொட்டியது. ஊர் எல்லாம் நனைந்தது, கிணறு நிறைந்தது, குழிகள் நிறைந்தன. துளசிமணியின் சரிவுக் காட்டிலோ, பெய்த மழை அத்தனையும் மண்மேடுகளுக்கு நடுவே புகுந்து, செந்தேநீர் நிறத்தில், அவள் கண்ணெதிரே ஓடி ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது. குடை பிடித்துக்கொண்டு போர் மோட்டாரைப் போட்டுப் பார்த்தாள். ஈளை நோய்க்காரர் மாதிரி இழுத்து இழுத்துக் காற்றுத்தான் வந்தது. ஐந்து நாள் பெய்து மழை நின்றுவிட்டது. வானம் துடைத்து வைத்தது போல வெளுத்துவிட்டது. தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

ராக்கியண்ணன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்று மத்தியானம் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல், தழையைப் பார்த்துச் சொன்னான். "பொண்ணுன்னு சொன்னா என்ன தப்பு புள்ள?"

அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இல்ல, பொண்ணுன்னா இந்த வருசம் அதுகளுக்குத் தலைத் தீபாவளி. நாமதான போயிக் கூப்புடோணும். கூப்புடாம எந்தப் பொண்ணு வரும்?"

துளசிமணி முறத்தை அப்படியே வைத்துவிட்டாள். கம்பெனியில் பழகி, வீட்டுக்குச் சொல்லாமல் ராக்கியண்ணனைக் கட்டிக்கொண்டவள் அவள். தலைத் தீபாவளிக்கு அவளைக் கூப்பிட யாரும் வரவில்லை. புதுச் சேலை கட்டிக்கொண்டு, லைன் வீட்டு வாசலில், வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டு, பொழுது சாயும் வரை நின்றிருந்தாள். அந்த நாளை அவள் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். இப்போது சத்தம் போட்டே அழுதாள். ராக்கியண்ணன் தழையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், ஆடுகளும் வந்து நின்றன.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும் அவளுக்கு வேறொன்றும் தோன்றியது. "மாமா, அதுக அத்தனையும் இப்ப ரொம்பிக் கெடக்குதுக. வாரப்ப அந்தத் தண்ணியோட வந்துதுகன்னா?"

"அதைத்தான் நானும் நெனச்சேன்," என்றான் அவன்.

மறுநாள் காலை இருவரும் குளித்து, வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமத்தோடு கிளம்பினார்கள். முதல் வீடு லிங்காத்தாள் வீடு. துளசிமணி கையில் இருந்த தட்டில் சர்க்கரை கோபுரமாக இருந்தது. "அன்னிக்குத் தட்டைச் சும்மா குடுத்துட்டேனுங்கக்கா. புத்தி கெட்டுப் போச்சு."

லிங்காத்தாள் சர்க்கரையில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விறைப்பாகச் சொன்னாள். "அக்கா இல்லீங்க. சம்பந்தி."

"தப்புங்க. சம்பந்தி."

"இப்பச் சொல்லுங்க, என்ன சமாச்சாரமா வந்தீங்க?"

"பொண்ணையும் மாப்பிள்ளையையும் தலைத் தீபாவளிக்குக் கூப்பட வந்தமுங்க."

பெண் யார் என்பது தெரிந்ததுதான், மாப்பிள்ளை யார் என்பதில் கொஞ்சம் குழப்பம் வந்தது. வீட்டுக்காரரா, வீடா? லிங்காத்தாள் வீட்டுக்காரர் வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, தனக்கு வயது அறுபத்திரண்டு, மாப்பிள்ளை ஆக ஆட்சேபணை இல்லை என்றார். குடும்பத்தோடு எல்லோரும் வருவது என்று முடிவு செய்து அந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். அப்புறம் துளசிமணி பொடக்காலிக்குப் போனாள். குழிக்குள் உறைகள் இறங்கியிருந்தன, கதவு இன்னும் வராததால் கக்கூஸ் புழக்கத்துக்கு வரவில்லை, விளிம்பு வரை மழைத் தண்ணீர் தெளிந்து நின்றது. அவள் ஓரத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, குங்குமத்தைத் தொட்டு விளிம்பில் வைத்தாள். தண்ணீரோடு வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "தீபாவளிக்கு வந்துரு கண்ணு," என்று மட்டும்தான் வந்தது.

இருபது இடத்திலும் அப்படியே ஆயிற்று. மேஸ்திரியின் கிணற்றை எட்டிப் பார்த்து, "வந்துரு கண்ணு." பள்ளிக்கூடத்து மணலில் கை வைத்து, "வந்துரு கண்ணு." கன்னம்மாளின் எருக்குழியிடம், மூக்கைப் பிடிக்காமல், "குளிச்சுட்டு வந்துரு கண்ணு." மயானத்துக்கும் போனார்கள். அங்கே கூப்பிடவில்லை. போனவள் அந்த வீட்டோடு இருந்துவிட்டாள். துளசிமணி மண் மேல் ஒரு முழம் பூவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

திரும்பி வரும் வழியில் ராக்கியண்ணன் கேட்டான். "எல்லார்த்துகிட்டயும் தண்ணி கொண்டாரச் சொன்னயா?"

"சொல்லலீங்க மாமா."

அவன் நின்றுவிட்டான். "ஒண்ணுகிட்டக் கூடவா?"

"ஏனுங்க, பொண்ணைக் கூப்படப் போன எடத்துல அதைக் கொண்டா இதைக் கொண்டான்னு யாராச்சும் சொல்லுவாங்களா? அதுக வந்தாப் போதும்."

"அதுக வந்தாப் போதும், ஆனாத் திங்கக்கெழம கம்பெனி பஸ்ஸும் வருமே புள்ள."

அவள் முன்னால் நடந்தாள். அவள் சொன்னது நியாயம் என்று அவனுக்கும் தெரியும், அதனால்தான் அவனுக்கு அவ்வளவு கவலையாக இருந்தது.

வானம் அந்த வாரம் முழுக்க ஒரு துளி போடவில்லை. தென்னங்கன்றுகளில் கீழ் மட்டை பழுத்துத் தொங்கியது. துளசிமணி எதையும் பார்க்காதவள் போல மாவு இடித்தாள், முறுக்குப் பிழிந்தாள், இருபது வீட்டுக்குத் தேவையான பாத்திரத்தை ஊர்ப் பொதுச் சாமானிலிருந்து எடுத்து வந்தாள். விருந்துக்குக் கறி வேண்டும். ராக்கியண்ணன் பட்டிக்குள் போய் ஒவ்வொரு ஆட்டின் முகத்தையும் பார்த்துவிட்டு வெளியே வந்து, கோழிதான் இப்போதெல்லாம் மாப்பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவது என்று அறிவித்தான். பட்டிக்குள் இருந்து நிம்மதியாக ஒரு செருமல் கேட்டது.

தீபாவளியன்று விடிந்தது. ஏழு மணி வரைக்கும் ஒன்றும் இல்லை. ஏழரைக்கும் இல்லை. அவள் புதுச் சேலையோடு, அடுப்பில் குழம்பு கொதிக்க, வேலிச் சந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றதும் இப்படித்தான். ராக்கியண்ணன் உட்காரச் சொல்லிப் பார்த்தான், அவள் உட்காரவில்லை.

எட்டு மணிக்கு ஊருக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. "கெளம்பிருச்சுங்கோ! எங்கூட்டுது கெளம்பிருச்சுங்கோ!" என்று லிங்காத்தாள் எண்ணெய் வழிகிற தலையோடு தெருவில் ஓடிவந்தாள். அவள் பொடக்காலியில் குழி இருந்த இடம் மொட்டைத் தரையாகிவிட்டது, உறைகள் மட்டும் குளிக்கப் போனவள் கழற்றி வைத்த வளையல்கள் போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மேஸ்திரி வீட்டிலும் கிணறு எட்டடி மேலே வந்துவிட்டது, பள்ளிக்கூடத்திலும் மைதானம் வெறிச்சென்று கிடந்தது, சொசைட்டியில் பால் கேன்கள் கடைக்கால் இல்லாத தரையில் நின்றன, ஊரே புதுத்துணியும் பாதி பூசிய சீயக்காயுமாகக் குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேலிச் சந்தில் நுழைந்து துளசிமணியின் காட்டுக்கு ஓடி வந்தது. குழிகள் வருவதை யாராலும் பார்க்க முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை இமை மூடித் திறக்கும்போதும் அங்கே ஒன்று கூடியிருந்தது: போருக்குப் பக்கத்தில் முதலாவதாக லிங்காத்தாள் வீட்டுக் குழி, மேலே ஒரு பிளாஸ்டிக் சொம்பு மிதக்க, அதை ஒட்டி மேஸ்திரி வீட்டுது, நாலு கெளுத்தி மீனோடு, மணலைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்துது, நாற்றமே இல்லாமல், குளித்துவிட்டு, கன்னம்மா வீட்டு எருக்குழி, ஒன்று, இன்னொன்று, அதற்கடுத்தது என்று தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்து படுத்து, நடுவில் இருந்த வரப்புகள் கரைந்து, இருபதும் ஒரே தண்ணீராகி, சரிவுக் காட்டில் வானம் முழுவதையும் வாங்கிக்கொண்டு தளும்பி நின்றன. ஒன்றுகூட வெறுங்கையோடு வரவில்லை.

"வாங்க கண்ணுகளா, வாங்க," என்றாள் துளசிமணி. எண்ணெய்க் கிண்ணத்தோடு கரையில் நின்று, தலை எது என்று தெரியாமல், தண்ணீரில் இருபது சொட்டு எண்ணெய் விட்டாள். கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவே இல்லை. "மூணு நாள் இருந்துட்டுத்தான் போகோணும், இப்பவே சொல்லிட்டேன்."

மூன்று நாளைக்குக் கக்கூஸ் கட்டும் வேலை நிற்கும், கடைக்கால் நிற்கும், கிணறு மேலாக இருக்கும். யாரும் முணுமுணுக்கவில்லை, தலைத் தீபாவளி என்றால் அப்படித்தான். பந்தியை மண்மேடுகளின் மேல் போட்டார்கள். இருபது வீட்டு மாப்பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கோழிக்குழம்பு கேட்டார்கள். குழியே வராத ரைஸ்மில் சாமியப்பனும் ஒரு டின் முறுக்கோடு வந்து, பெண் கொடுக்காவிட்டாலும் உறவு விட்டுப்போகுமா என்று சொல்லி இலையில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவது பந்தி நடந்துகொண்டிருந்தபோது, போர் பக்கமிருந்து ராக்கியண்ணன் கத்தினான். போர் மூன்று நாள்கூடக் காத்திருக்கவில்லை, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் இரண்டு தடவை செருமியது, ஒரு தடவை காறியது, அப்புறம் அவன் தொடை தண்டிக்குத் தண்ணீர் வந்து அவன் புது வேட்டியை நனைத்தது. அவன் குழாய்க்கு நேரே உட்கார்ந்துகொண்டான், எழுந்திருக்கவே இல்லை. ஆடுகள் சுற்றி நின்று பார்த்தன.

அந்த நேரம் பார்த்துத் துளசிமணியின் போன் அடித்தது. ஒரு கையில் கரண்டியோடு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டாள். சூப்பர்வைசர் பிரபு.

"அக்கா, தீபாவளி வாழ்த்துங்க. திங்கக்கெழம பஸ்ஸுல பேர் குடுத்தரட்டுங்களா?"

"வேண்டாமுங்க தம்பி. அந்த மிஷின்ல வேற ஆளை உக்கார வைங்க. நான் இனி வரலீங்க. பொண்ணுக ஊட்டுக்கு வந்திருக்குதுக, போட்டுட்டு எங்க வாரது?"

அவளோடு பத்து வருடம் வேலை செய்த பையன் அவன். தயங்கித் தயங்கித்தான் கேட்டான். "பொண்ணுகளா? உங்களுக்குங்களாக்கா?"

"எனக்குத்தானுங்க தம்பி," என்றாள் துளசிமணி, கடைசி இலைக்குக் குழம்பை ஊற்றிக்கொண்டே. "இருபது."